‘உடம்பைக் குறைங்க’ என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

ஓபிசீட்டு | ஞாயிறு, இரவு 9:40

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், கடைமடைப் பகுதி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒன்றைக் கேட்கத்தான் இந்த இழை.

போன திங்கட்கிழமை. திங்கள் என்றால் தெரியுமே, ஞாயிறு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த காய்ச்சலெல்லாம் அன்றைக்குத்தான் வரும். பதினொன்றரை மணி இருக்கும், ஒரு அம்மா உள்ளே வந்தார். வயது நாற்பத்தாறு. முட்டி வலி, ஊசி போடுங்கள் என்றார். சுகர் நோட்டைப் புரட்டினேன். எடை 84 கிலோ. உயரம் என்ற கட்டத்தில் ஒரு வருடமாக வெறும் கோடுதான்.

“எடையைக் கொஞ்சம் குறைச்சா முட்டிக்கு நல்லதும்மா.”

“நான் ஒண்ணுமே சாப்பிடறதில்ல சார். காலையில ரெண்டு இட்லி. அதுவே இறங்க மாட்டேங்குது.”

வழக்கமாக இந்த இடத்தில் பேச்சை விட்டுவிட்டு வலி மாத்திரை எழுதியிருப்பேன். அன்றைக்கு என்னவோ விட மனம் வரவில்லை. டீ எத்தனை தடவை என்று கேட்டேன். வீட்டுக்காரர் டீக்கடை வைத்திருக்கிறார், இவர்தான் பாய்லர் பக்கத்தில் நிற்கிறவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. “எண்ணிப் பார்த்ததில்ல சார். போட்டுக் குடுத்துட்டு மிச்சம் இருக்கறத குடிச்சுக்குவேன்.” இரண்டு பேரும் சேர்ந்து விரல் விட்டு எண்ணினோம். காலை நாலரைக்குக் கடை திறந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் ஏழு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் பதினாலு ஸ்பூன் சர்க்கரை, கிட்டத்தட்ட 70 கிராம், 280 கலோரி. சுகர் மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் போடுகிறார்.

இவ்வளவுக்கும் ஆறு நிமிடம் ஆனது. அதற்குள் கதவு இரண்டு தடவை திறந்துவிட்டது. மருந்தாளுநர் ஸ்டாக் நோட்டோடு வந்து நின்றார். வெளியே பெஞ்சில் ஒரு குழந்தைக்கு இளைப்பு. எழுந்து போகும்போது அந்த அம்மா கேட்டார்: “டீயை விட்டா தலை வலிக்குமே சார், அதுக்கு என்ன பண்றது?” நியாயமான கேள்வி. அதற்கு இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். “அடுத்த தடவை பேசலாம்மா” என்று அனுப்பிவிட்டேன்.

இப்படி ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேச முடியும்? பேசாமல் விட்டால் குற்ற உணர்ச்சி. பேசினால் வெளியே சண்டை. மூத்தவர்கள் என்ன செய்கிறீர்கள்? மருத்துவர் அல்லாதவர்களும் சொல்லலாம்.

திண்ணைவாசி | ஞாயிறு, இரவு 10:05

வாயைக் கட்டாதவர்களுக்கு டாக்டர் என்ன செய்ய முடியும்? மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு இளைப்பு வந்த குழந்தையைப் பாருங்கள் சார். எங்கள் அப்பத்தா காலத்தில் எந்த டாக்டர் எடையைப் பற்றிப் பேசினார்?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11:20

நான் மருத்துவர் இல்லை, எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன். டாக்டரின் ஆறு நிமிடம் என்னைத் தூங்கவிடவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்குப் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 25-ஐத் தொட்டுவிட்டது அல்லது தாண்டிவிட்டது. 25 என்றாலே அதிக எடைக் கணக்குதான். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய சுற்றில் பெண்களுக்கு அது 30.9 ஆக இருந்தது. சமவெளியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் 30,000 மக்கள் என்பது விதிமுறை. டாக்டரின் வாசலில் எத்தனை ஆயிரம் பேர் நிற்க வேண்டும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி நேரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு 2011-லிருந்து உடல் பருமனுக்கான ஆலோசனைக்குப் பணம் கொடுக்கிறது. ஒரு சந்திப்பு 15 நிமிடம், வருடத்துக்கு அதிகபட்சம் 22 சந்திப்பு. அதாவது ஒரு ஆளுக்கு ஐந்தரை மணி நேரம். நம் டாக்டர் வெறும் நூறு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து இதைச் செய்தால் 550 மணி நேரம். தினமும் ஐந்து மணி நேரம் ஓபி என்று வைத்தால் 110 வேலை நாள் அதற்கே போய்விடும். இருமல், நாய்க்கடி, பிரசவத் தேதி எதையும் பார்க்கக் கூடாது!

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2022-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். 2,500 நோயாளிகள் உள்ள ஒரு குடும்ப மருத்துவர், வழிகாட்டு நெறிமுறைகளில் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தால் ஒரு நாளைக்கு 26.7 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான் என்பதை நெறிமுறை எழுதியவர்களிடம் யாரும் சொல்லவில்லை போல. அதே வேலையை ஒரு குழுவாகப் பங்கு போட்டால் டாக்டரின் பங்கு 9.3 மணி நேரமாகக் குறைகிறது. இழையில் பேச வேண்டியது இந்தக் கடைசி எண்ணைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

திண்ணைவாசி அவர்களுக்கு: அப்பத்தா காலத்துக் கதையைப் பெரியவர்கள் யாராவது வந்து சொல்லட்டும். எனக்கு அந்த வயசில்லை.

மல்லிகைச்சரம் | திங்கள், காலை 6:50

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். நான் டாக்டரின் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவள். எடை 96 கிலோ. இந்த எண்ணை இணையத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

மூன்று வருடத்துக்கு முன்னால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றல். ஒரு கிளினிக்குக்குப் போனேன். நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த டாக்டர் சொல்லிவிட்டார்: “இந்த உடம்பை வெச்சுக்கிட்டு மூச்சு வாங்காம என்ன செய்யும்? இருபது கிலோ குறைச்சிட்டு வாங்க.” ஒரு வைட்டமின் மாத்திரை. வெளியே வந்து மணி பார்த்தேன், இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

எட்டு மாதம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். காலையில் நடந்தேன். நடக்கவே முடியவில்லை, பாதி வழியில் கோயில் திட்டில் உட்கார்ந்துவிடுவேன். சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொள்வேன். கடைசியில் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில், அங்கிருந்த அரசு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். “மாதவிலக்கு எத்தனை நாள் போகுது?” என்று கேட்டார். பத்து நாள் என்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பப்பையில் கட்டி. எட்டு மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஓபிசீட்டு டாக்டர், எடை உங்கள் நேரத்தைத் தின்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. என் எடை அந்த டாக்டருக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. அவர் வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மிச்சத்துக்கு நான் எட்டு மாதம் கொடுத்தேன், அப்புறம் இரண்டு யூனிட் ரத்தம், ஒரு ஆபரேஷன்.

டீயை எண்ணியதற்காக உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன், கதை நீண்டுவிட்டது.

ஓபிசீட்டு | திங்கள், மதியம் 2:15

மல்லிகைச்சரம் அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த டீக்கடை அம்மாவின் கண் இமையை நான் இழுத்துப் பார்த்தேனா என்று யோசித்தேன். இல்லை. முட்டியைக்கூட மடக்கிப் பார்க்கவில்லை.

என்சிடி_நர்ஸ் | திங்கள், இரவு 8:30

எல்லோரும் டாக்டரின் ஆறு நிமிடத்தைப் பேசுகிறீர்கள். டாக்டரிடம் வருவதற்கு முன்னால் எங்கள் என்சிடி மேசையில் (சுகர், பிரஷர் மாதிரியான தொற்றா நோய்களுக்கானது) என்ன நடக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

முதலில் எடை மெஷின். எங்களிடம் இருப்பது முள் ஆடும் பழைய மெஷின், யாரும் ஏறாதபோதே ஒன்றரை கிலோ காட்டும். தினமும் காலையில் அடியில் இருக்கும் சக்கரத்தைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். குண்டாக இருப்பவர்கள் நாலு பேர் பார்க்க மெஷினில் ஏற மாட்டார்கள். “போன மாசம் பார்த்தேனே, அதையே எழுதிக்கம்மா” என்பார்கள். நானும் எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை. உயரக் கட்டத்தில் கோடு ஏன் என்று டாக்டர் கேட்டால் இதுதான் பதில்: உயரம் பார்க்கும் சுவர் தடுப்பூசி அறையில் இருக்கிறது. புதன்கிழமை அங்கே கால் வைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணித் தாய்மார், குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது, பிரஷர் கஃப், அதாவது பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் காற்றுப் பை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நேரம் ஓட்டை வழியாகப் போகிற இடம் இதுதான். சாதாரண கஃப் என்பது 34 செ.மீ. வரை சுற்றளவு உள்ள கைக்குத்தான். 36, 38 உள்ள கையில் அதைச் சுற்றினால் பிரஷர் அதிகமாகக் காட்டும். அது மெஷின் கோளாறு கிடையாது. பை சின்னதாக இருந்தால் ரத்தக் குழாயை அமுக்கக் கூடுதலாகக் காற்றடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் நிலையத்தில் ஒரு அண்ணாவுக்கு ஆறு மாதம் 150-க்கு மேலேயே வந்தது. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகப் போகும் நேரம். மாவட்டத்திலிருந்து ஒரு முகாமுக்குப் பெரிய கஃப் கொண்டு வந்திருந்தார்கள். அதில் சுற்றிப் பார்த்தால் 136. சாயங்காலம் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அந்த அண்ணா மூன்று தடவை வந்திருக்கிறார், மூன்று தடவையும் ஓபி சீட்டு, மூன்று தடவையும் டாக்டர் நேரம். ஒரு துணிப் பை இல்லாததால் வந்த கூட்டம் அது.

மூன்றாவது, ஆன்லைன் என்ட்ரி. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இழை தாங்காது.

தேம்ஸ்கரை | திங்கள், நள்ளிரவு 1:10

லண்டன் பக்கம் ஜிபியாக, அதாவது குடும்ப மருத்துவராக இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர். இங்கே ஒரு சந்திப்புக்குப் பத்து நிமிடம். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், நாங்களோ நேரமே இல்லை என்று புலம்புகிறோம்.

ஓபிசீட்டு தம்பிக்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 2016-ல் லான்செட் இதழில் வந்தது. வேறு ஏதோ பிரச்சினைக்காக வந்த, உடல் பருமன் உள்ள 1,882 பேர். ஜிபி தன் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் முப்பது விநாடி மட்டும் எடைக்கு. ஒரு பகுதியினரிடம் எடையைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று சொன்னதோடு சரி. மற்றப் பகுதியினரிடம், 12 வார எடைக் குறைப்பு வகுப்பு ஒன்று இலவசமாக இருக்கிறது, சேர்த்துவிடட்டுமா என்று கேட்டு, சரி என்றால் வெளியே போகும் வழியிலேயே பதிவு. ஒரு வருடம் கழித்து வகுப்புக்கு அனுப்பப்பட்ட பகுதிக்குச் சராசரியாக 2.43 கிலோ இறங்கியிருந்தது, வெறும் புத்திமதி கேட்டவர்களுக்கு 1.04 கிலோ. இரண்டும் பெரிய எண் இல்லைதான். ஆனால் செலவு முப்பது விநாடி. அந்தப் பேச்சு தகாதது, பயனற்றது என்று சொன்னவர்கள் மொத்தத்தில் நாலு பேர்.

இதைப் படித்துவிட்டு ‘முப்பது விநாடி போதும்’ என்று ஊரில் யாராவது சுற்றறிக்கை விட்டுவிடக் கூடாது. அந்த முப்பது விநாடிக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வாராவாரம் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்தார். உங்களுக்கு அது இல்லாததால்தான் ஆறு நிமிடம் ஆகிறது. டாக்டர், டயட்டீசியன், வகுப்பு மூன்றையும் நீங்களே ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் எப்படி முடியும்?

2021-ல் இங்கே இப்படி ஒருவரை எடைக் குறைப்புக்கு அனுப்பினால் 11.50 பவுண்டு என்று கிளினிக்குகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பணம் வந்ததும் எங்கள் கண்ணுக்கு எடை தெரிய ஆரம்பித்தது என்று ஒரு நண்பர் கிண்டல் செய்வார். 2025 ஜூனிலிருந்து புதுத் தலைவலி: டிர்செபடைட் என்ற எடைக் குறைப்பு ஊசியை ஜிபி வழியாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் (நம் ஆட்களுக்கு 37.5), கூடவே குறைந்தது நாலு நோய் இருந்தால்தான். அந்த வரம்புக்குள் வராதவர்கள்தான் போனில் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர். ஏன் கிடையாது என்று விளக்குவதற்கே ஒரு பத்து நிமிடம் போகிறது.

மீனாட்சிகிளினிக் | செவ்வாய், மதியம் 3:30

மதுரையில் தனியாகப் பிராக்டிஸ் செய்கிறேன், 22 வருடம். தேம்ஸ்கரை சொன்ன ஊசிக் கதை இங்கேயும் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் அதே டிர்செபடைட் ஊசி மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது மிகக் குறைந்த டோஸ் மருந்துக் குப்பி ஒன்று 3,500 ரூபாய், வாரம் ஒன்று. அடுத்த வாரமே ஒரு ஜவுளிக்கடை முதலாளி மூன்று நண்பர்களோடு வந்தார். யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது, வாந்தி வந்தால் என்ன, நிறுத்தினால் எடை திரும்புமா (திரும்பும்) என்று சொல்லி முடிக்க அரை மணி நேரம். என் பீஸ் 200 ரூபாய். ஒரு சளிக் காய்ச்சலுக்கும் 200, அரை மணி நேரப் பேச்சுக்கும் 200. நான் எதைப் பார்த்துப் பிழைப்பு நடத்துவேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இளம்பெண்கள் வேறு. “நீர்க்கட்டி இருக்கு, அதான் வெயிட் போடுது”, “தைராய்டா இருக்கும், டெஸ்ட் எழுதுங்க.” டெஸ்ட் எழுத முப்பது விநாடி. தைராய்டு நார்மல், எடைக்கு அது காரணமில்லை என்று நம்பவைக்கப் பத்து நிமிடம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கூட்டம் அதிகமான நாளில் டெஸ்ட் எழுதியிருக்கிறேன்.

மல்லிகைச்சரம் எழுதியதைப் படித்தபிறகு ஒன்று புரிகிறது. டெஸ்ட் எழுதுவதும், ‘குறைச்சிட்டு வா’ என்பதும் ஒரே வேலைதான். இரண்டும் ஆளை வெளியே அனுப்பும் வழி.

ஓய்வு_1998 | செவ்வாய், இரவு 7:45

என் பெயரிலேயே ஓய்வு பெற்ற ஆண்டு இருக்கிறது, வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அப்பத்தா காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

அந்தக் காலத்திலும் எடை பார்த்தோம். ரொம்பவே பார்த்தோம். ஆனால் அப்போது தேடியது எடை குறைந்தவர்களை. 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். இன்றைக்குப் பலருக்கு மறந்துவிட்டது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதம் ஒரு தடவை எடை போட வேண்டும். போடுபவர் அந்த ஊர்ப் பெண், ஊட்டச்சத்துப் பணியாளர். மேலே தொங்கும் தராசு, அதில் கட்டிய துணியில் பிள்ளை. பிள்ளை காலை உதைத்து வீறிடும். முள் நிற்பதற்குள் எடையைப் பிடிக்க வேண்டும், அது ஒரு கைத்திறமை. பிறகு அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, அம்மாவிடம் காட்டுவார்: “போன மாசம் இங்க இருந்தான், இந்த மாசம் கோடு படுத்துருச்சு பார்.” எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் கோடு படுத்தது புரியும். கோடு படுத்த பிள்ளைக்கு மட்டும் மூன்று மாதம் சத்துருண்டை. கோடு நிமிர்ந்தால் நிறுத்திவிடுவார்கள்.

நான் அப்போது ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். இந்த வேலைக்கு நான் செலவழித்த நேரம் எவ்வளவு? அநேகமாக ஒன்றுமில்லை. மூன்று மாதம் உருண்டை தின்றும் கோடு ஏறாத பிள்ளை மட்டும் என்னிடம் வரும். அதற்கு என்னிடம் நேரமும் இருந்தது. எடை பார்ப்பதும் அதை வீட்டுக்காரர்களிடம் விளக்குவதும் டாக்டர் வேலை என்று அன்றைக்கு யாருமே நினைக்கவில்லை. எடை கூடிப்போனவர்கள் விஷயத்தில் மட்டும் அது எப்படி டாக்டர் மேசைக்கு வந்து சேர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை மெலிந்த பிள்ளையை ஊர் பார்த்துப் பரிதாபப்பட்டது, குண்டான அம்மாளை ஊர் பார்த்துச் சிரிக்கிறது என்பதாலோ என்னவோ.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, சுகர், பிரஷர் மாத்திரை இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கே போகும் என்றார்கள். மாத்திரைக்காக மட்டும் நின்ற வரிசை குறைந்திருக்க வேண்டுமே. அந்த நேரம் எங்கே போனது, தம்பி?

ஓபிசீட்டு | செவ்வாய், இரவு 9:00

ஐயா, அந்த நேரத்தை என்ட்ரி தின்றுவிட்டது. யார் யாருக்கு மாத்திரை போனது, போகவில்லை என்பதை ஏற்றுவதிலேயே மதியம் போகிறது.

உங்கள் கோடு படுத்த கதை பிடித்திருக்கிறது. எம்டிஎம் (மக்களைத் தேடி மருத்துவம்) அக்காக்கள் எப்படியும் வீட்டுக்குப் போகிறார்கள். டீத்தூள் டப்பாவும் எண்ணெய்க் கேனும் அவர்கள் கண்ணில்தான் படும், என் கண்ணில் படாது. அவர்களே மாதம் ஒரு தடவை எடை பார்த்து, அட்டையில் கோடு இழுத்து…

என்சிடி_நர்ஸ் | செவ்வாய், இரவு 9:20

டாக்டர், அங்கேயே நில்லுங்கள். ‘அவர்களே’ என்ற வார்த்தையில் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது தெரியுமா? டாக்டருக்கு நேரமில்லை என்றால் நர்ஸ், நர்ஸுக்கு நேரமில்லை என்றால் எம்டிஎம் அக்கா. அந்த அக்காவுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. பிரஷர் மெஷின், குளுக்கோமீட்டர், மாத்திரைப் பை, போன், இவ்வளவையும் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அதன் மேல் எடை மெஷினையும் வைத்தால் அவர் முட்டிக்கு யார் வைத்தியம் பார்ப்பது? எங்கள் பகுதி அக்காவுக்கே 80 கிலோ இருக்கும், பாவம்.

ஓய்வு_1998 | செவ்வாய், இரவு 9:50

சரியான அடி. நான் சொன்ன ஊட்டச்சத்துப் பணியாளருக்கும் கொடுத்தது சொற்பம்தான், அதை எழுதாமல் விட்டது என் தப்பு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு அம்மா. அவருக்கு அது ஒன்றுதான் வேலை. ஏற்கெனவே இருக்கிற வேலையின் தலையில் அதை ஏற்றவில்லை. இன்றைக்கும் தனியாக ஒரு ஆள் போடாமல் எதைச் செய்தாலும் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7:15

தனி ஆள் என்பதற்குச் சான்று உண்டு. 2017-ல் பிரிட்டனில் டைரெக்ட் ஆய்வு. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், சில மாதம் சுமார் 850 கலோரி கஞ்சி மாதிரியான உணவு மட்டும், அப்புறம் மெதுவாகச் சாதாரணச் சாப்பாடு. ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள். நடந்தது ஜிபி கிளினிக்குகளில், நடத்தியது அங்கே இருந்த நர்ஸ்களும் டயட்டீசியன்களும், அதற்கென்று பயிற்சி கொடுத்து. இரண்டாம் வருடம் 36 சதவீதமாக இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது இன்றைக்கே கஞ்சிக்கு மாறிவிடுவீர்கள். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

திண்ணைவாசி | புதன், காலை 10:30

முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மல்லிகைச்சரம் சகோதரி மன்னிக்கவும். எனக்கும் தொப்பை உண்டு, டாக்டரிடம் போனால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன்.

மல்லிகைச்சரம் | புதன், காலை 11:05

பரவாயில்லை அண்ணா. அளக்கும்போது மட்டும் மூச்சை விட்டுவிடுங்கள்.

டாக்டர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வந்த பிரச்சினையை முதலில் பாருங்கள். அது முடிந்த பிறகு, “எடையைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?” என்று கேளுங்கள். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் அப்படித்தான் கேட்டார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது என்பதாலேயே சரி என்றேன். அதற்கு எத்தனை விநாடி ஆனது என்று எண்ணவில்லை.

ஓபிசீட்டு | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5:20

இழையை மேலே தூக்கிவிடுவதற்கு மன்னிக்கவும். என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உயரம் பார்க்கும் ஸ்டிக்கர் டேப் ஒன்று வாங்கி எங்கள் நர்ஸ் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டினோம். எடை மெஷினைத் திரைக்குப் பின்னால் நகர்த்தினோம். இப்போது ஏற மாட்டேன் என்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அதுவரைக்கும் லாபம். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வேப்பமரத்தடியில் எட்டுப் பேரைக் கூப்பிட்டேன், ஒரே பேச்சை எட்டுத் தடவை தனித்தனியாகப் பேசாமல் ஒரே தடவையாகப் பேசலாம் என்று. முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மாத்திரை கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தவர். இரண்டாம் வாரம் ஐந்து. நேற்று முன்தினம் மழை, யாரும் வரவில்லை.

டீக்கடை அம்மா வந்தார். முட்டியை மடக்கிப் பார்த்தேன், இமையையும் பார்த்தேன். உயரம் 149, அப்படியென்றால் பிஎம்ஐ கிட்டத்தட்ட 38. டீ ஏழிலிருந்து நாலாகிவிட்டதாம், இரண்டில் சர்க்கரை இல்லையாம். எடை 84.5. அரை கிலோ கூடியிருக்கிறதே என்றேன். சிரித்துவிட்டார். “டீயைத்தான சார் எண்ணுனீங்க, வடையை எண்ணலையே.” வியாழக்கிழமை வருகிறேன் என்றார், ஆனால் மூன்று மணி கடைக்குக் கூட்ட நேரம், நாலரை என்றால் வருவாராம். நேரத்தை மாற்ற வேண்டும்.

பெரிய கஃப்புக்கு இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

என்சிடி_நர்ஸ் | சனி, இரவு 8:10

டாக்டர், இன்டென்டில் என்ன எழுதினீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். ‘அடல்ட்’ என்று மட்டும் எழுதினால் திரும்பவும் பழைய அளவுதான் வரும், நாங்கள் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறோம். ‘அடல்ட் லார்ஜ்’ என்று எழுத வேண்டும். பக்கத்தில் கைச் சுற்றளவு 35 செ.மீ.க்கு மேல் என்றும் போட்டுவிடுங்கள்.